பொங்கலைத் தின்றது யார்

என் கணவர் பிரம்மமானது எந்த வருடம் என்று யாராவது கேட்டால், அரிசியை அளந்து கொடுக்கத் தொடங்கிய வருடம் என்று சொல்வேன். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஜாசினிலிருந்து நியாலாஸ் போகும் பாதையில் ஒரு ரப்பர்த் தோட்டம். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் டிரெசர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி எல்லாம் இவர் கையில்தான். நான் மலாக்கா பட்டணத்துப் பெண், கன்னியாஸ்திரீகளிடம் ஆங்கிலம் படித்தவள். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்தபோது இவர் சாதாரண மனுஷராகத்தான் இருந்தார்.

இந்தியாவிலிருந்து தபாலில் வேதாந்தப் புத்தகங்கள் வரத் தொடங்கின. ஆஸ்பத்திரியில் ஆள் வராத மத்தியானங்களில் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார். பிறகு ஒருநாள் காலையில், நான் சாமி அலமாரியில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"விளக்கேத்துறது யாரு? ஏத்திக்கிறது யாரு? ரெண்டும் ஒண்ணுன்னு ஆனப்புறம் நடுவுல எண்ணெய் எதுக்கு?"

யார் யாரைக் கும்பிடுவது என்று அதற்குமேல் கொஞ்ச நேரம் விளக்கினார். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய், அவருக்குப் போட்டு வைத்திருந்த காபியை எடுத்துக் குடித்தேன். குடித்தவளும் நீங்களும் ஒன்றுதானே, போய்ட்டு வாங்க என்றேன். அன்று வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் வந்து, பாரமார்த்திகம் என்று ஒன்று உண்டு, வியாவகாரிகம் என்று ஒன்று உண்டு, உண்மையில் எல்லாம் ஒன்றுதான் என்றாலும் நடைமுறையில் வேறுவேறாகத்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று புத்தகத்திலேயே சொல்லியிருப்பதாகச் சொன்னார். அந்த நடைமுறைக் கணக்கில் காபி வந்துவிட்டது. விளக்கு மட்டும் வரவில்லை. நான் விளக்கை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துக்கொண்டேன். பிரம்மம் அடுப்படிக்குள் வராது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் பேச்சு நடக்கும். கேட்க வருகிறவர் ஒரே ஆள், தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அசைக்க முடியாத சைவர். நெற்றியில் திருநீறு காய்வதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். கேட்க வருவார் என்று சொன்னேனே, அது தவறு. மறுக்க வருவார். ஆன்மா வேறு ஆண்டவன் வேறு, ஆன்மா அவன் காலடியில் கிடக்கலாமே தவிர அவனாக ஆகிவிட முடியாது என்பது அவர் கட்சி. "நீர் கடவுள் எண்டால், டிரெசர், போன கிழமை உம்மட ஆஸ்பத்திரியிலை குயினைன் ஏன் முடிஞ்சது?" என்று ஒருமுறை கேட்டார். இவருக்குக் கோபம் வந்து உளுந்து வடையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். பிரம்மத்துக்குக் கோபம் வரும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வேலி வந்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தோட்டத்து ஆட்கள் சோறு கொடுக்கிறார்கள் என்று சர்க்காருக்குச் சந்தேகம். சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது கூலி ஆட்களின் வரிசை வீடுகளை, பிடுங்கி ஒரே இடத்தில் நட்டு, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். ஒரே ஒரு வாசல், அதில் போலீஸ். காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் வாளியையும் மடியையும் தடவிப் பார்ப்பார்கள். சமைத்த சோறு ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது. சீனி போடாத தேத்தண்ணி மட்டும் கொண்டு போகலாம். சாயங்காலத்துக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். மாரியம்மன் மட்டும் வெளியே நின்றுவிட்டாள். அவள் கோயில் பால்மரங்களின் கடைசி வெட்டுக்கு அப்பால், ஓடைக்கரையில் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் புதர். புதருக்குப் பின்னால் காடு.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை முதல் பானைப் பொங்கலில் மனுஷர் கை வைக்கக்கூடாது. அதை அப்படியே அம்மன் முன்னால் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும். காலையில் பானை காலியாக இருந்தால் ஆத்தா மனசு குளிர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். வேலி போட்டதும் அதற்கும் தடை வந்தது. பெண்கள் தோட்ட மேனேஜர் துரையின் பங்களா முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சாமி பட்டினி கிடந்தால் நாங்களும் மரம் வெட்ட மாட்டோம் என்றார்கள். மரம் வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது துரைக்குத் தெரியும். அவர் போலீசிடம் பேசி, வெள்ளிக்கிழமை மத்தியானம் காவலோடு ஒரு பானை மட்டும் வெளியே போகலாம் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார். ரேஷன் அரிசியில் வீட்டுக்கு ஒரு பிடி என்று போட்டு அரைப்படி சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சியாகக் கரைத்துக் கொடுக்கிற வீட்டிலிருந்தும் அந்த ஒரு பிடி வந்துவிடும். இவர் அதைப் பார்த்து அஞ்ஞானம் என்றார். அடுப்படியிலிருந்து நானும் ஒரு பிடி அனுப்பினேன் என்பது அவருக்குத் தெரியாது.

சில வெள்ளிக்கிழமைகள் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ரோந்து போன போலீஸ்காரர் ஒருவர், சாயங்காலம் நிறைந்திருந்த பானை காலையில் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டார். மலாய் சார்ஜன்ட் வந்து பூசாரியிடம், பொங்கலைத் தின்றது யார் என்று கேட்டார். பூசாரி ஆத்தா என்றார். சார்ஜன்ட்டுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் வினையாகிவிட்டது. பூசாரியின் தாயார் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கிழவியைத் தேடி லயம் முழுக்கச் சல்லடை போட்டார்கள். கோழிக்கூண்டைக்கூடத் திறந்து பார்த்தார்கள். அவள் எப்போதோ நாமக்கல் பக்கம் செத்துப்போய்விட்டாள் என்று ஜனங்கள் சொன்னார்கள். செத்துப்போனவள் வாராவாரம் காட்டோரத்தில் பொங்கல் தின்கிறாள் என்று ஆனதும் விஷயம் பெரிதாகிவிட்டது. ஜாசினிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மீசை இன்னும் சரியாகக் கூடாத பிள்ளை. அவருடைய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், துரை என் கணவரைச் சிபாரிசு செய்தார்.

விசாரணை ஆஸ்பத்திரி முன்னறையில் நடந்தது. நான் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே போனேன். அதிகாரி நாற்காலியில், சார்ஜன்ட் கதவோரத்தில், பெரிய கிராணி துரைக்குப் பதிலாக ஒரு ஸ்டூலில். நடுவில் பூசாரி நின்றார். தோட்டத்தில் அவருக்குப் புல் வெட்டுகிற வேலை, வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூசாரி. உடம்பு மண்வெட்டிப் பிடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்தால் என்ன தண்டனை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அவருக்கும்.

அதிகாரி கேட்டதை என் கணவர் தமிழில் சொன்னார். பூசாரி கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆத்தாதாங்கய்யா சாப்பிட்டாங்க. வேற யாரு சாப்பிடுவா?"

ஆத்தா என்றால் அம்மன் என்று இவர் சொல்லலாம். கல் சாப்பிட்டது என்று சொல்கிறான், பொய் சொல்கிறான், இழுத்துக்கொண்டு போ என்பார் அதிகாரி. இவர் முகத்தில் அந்த யோசனை ஓடுவதை நான் பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி தெளிவான ஆங்கிலத்தில், தானே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்கிறான் ஐயா என்றார்.

பெரிய கிராணி இருமினார், நிறுத்தவே முடியாமல் இருமினார். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நான் கோப்பைகளை வைத்துவிட்டு வெளியே வராமல் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

அதிகாரி பூசாரியை மேலும் கீழும் பார்த்தார். இந்த உடம்பிலா என்று கேட்டார். காலையில் கோயில் திறக்கப் போகும்போது தின்றுவிடுகிறான், ஜனங்களுக்குத் தெரிந்தால் வெட்கம் என்பதால் இத்தனை நாள் ஆத்தா பேரைச் சொல்லி மறைத்திருக்கிறான் என்று இவர் சரடு விட்டார். அதிகாரி சிரித்துவிட்டார், ஆனால் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அதே பானை, அதே அரிசி, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் இவன் தின்று காட்டட்டும், தின்றால் விட்டுவிடுகிறேன் என்றார்.

அவர்கள் போனதும் பெரிய கிராணி எழுந்து நின்றார்.

"பொய் சொல்லிப்போட்டீர், டிரெசர்."

"பொய்யில்ல. அவனுக்குள்ள இருக்கறதும் அவளுக்குள்ள இருக்கறதும் ஒண்ணுதான். அவ சாப்பிட்டான்னா அவன் சாப்பிட்டான். மொழிபெயர்ப்புல ஒரு தப்பும் இல்ல."

"உந்த ஒண்டு எண்ட கதையாலை ஒரு நாளைக்கு ஆரையோ தூக்கிலை போடப் போறாங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் தின்னாட்டி நீரும் சேர்ந்துதான் உள்ளுக்குப் போவீர்."

ஆனாலும் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பூசாரியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஆத்தாவுக்குப் படைத்ததை எச்சில் பண்ண மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இவர் தன் புத்தகங்களில் படித்ததையெல்லாம் அவர் தலையில் இறக்கினார். நீ வேறு அவள் வேறு இல்லை, அவள்தான் நீயாக நடமாடுகிறாள் என்றார். பூசாரி கவனமாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் தான் புல் வெட்டப் போகும்போது அவளும் கூட வருகிறாளா என்று கேட்டார். வருகிறாள் என்றார் இவர்.

"அப்ப பெரட்டுல அவளுக்கும் ஒரு பேரு போடச் சொல்லுங்கய்யா. தினம் வேலைக்கு வர்றவளுக்குப் பேரு போடாம இருக்கறது பாவமில்லையா?"

இவர் புத்தகத்தை மூடிவிட்டார். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். கரகம் ஜோடித்து, உடுக்கையடித்து ஆத்தாவை முறையாகக் களத்துக்கு அழைக்க வேண்டும். அவள் பூசாரி மேல் வந்து இறங்க வேண்டும். அப்புறம் சாப்பிடுவது பூசாரி அல்ல, அவள். பூசாரிக்குப் பாவம் ஒட்டாது. அதைத்தானே நானும் இத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று இவர் என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார். அதற்கு உடுக்கை வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே களத்தில் கூடியிருந்தது. அதிகாரிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், துரைக்கு ஒன்று. தேங்காய்ப்பால் ஊற்றி, வெல்லம் போட்டுப் பொங்கல் தயாராக இருந்தது. உடுக்கைச் சத்தம் ஏற ஏறப் பூசாரியின் தோள் துடித்தது, பிறகு உடம்பு முழுவதும். வேப்பிலையை வாயில் கவ்விக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து பானை முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளினார். பெண்கள் குலவையிட்டார்கள். அள்ளினார், விழுங்கினார், அள்ளினார், விழுங்கினார். பாதிப் பானையில் கண் பிதுங்கியது. ஒரு கணம் கை நின்றுபோனது. உடுக்கைக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். என் பக்கத்தில் நின்ற பிரம்மம் என் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பூசாரி மறுபடியும் அள்ளினார். கடைசியில் பானையைக் கவிழ்த்துத் தட்டி, ஒட்டியிருந்த பருக்கையை விரலால் வழித்து நக்கிவிட்டுத்தான் மல்லாந்து விழுந்தார்.

தாயே என்று எல்லோரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். அதிகாரி எழுந்துபோய்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். இவன்தான் தின்றிருக்கிறான், சந்தேகமே இல்லை என்றார் துரையிடம். அம்மன் தின்றதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள், பூசாரி தின்றதை அதிகாரி கண்ணால் பார்த்தார். இரண்டு தரப்பும் சந்தோஷமாகக் கலைந்தது. வெள்ளிக்கிழமைப் பானை வழக்கம்போல் வெளியே போகலாம், அதை அனுபவிக்கிற அதிர்ஷ்டம் அந்த ஒல்லிக்காரனுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இவர் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்து, இதைவிடப் பெரிய நிரூபணம் அத்வைதத்துக்கு எங்கேயாவது நடந்திருக்கிறதா என்றார். முகத்தில் அப்படி ஒரு களை. கல்யாண போட்டோவில்கூட அந்தக் களை இல்லை.

அது செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் நின்றது. பூசாரியை வயிற்று உபாதையோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் மிளகு ரசம் கொண்டுபோனேன். இவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பூசாரியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். வாராவாரம் இப்படித்தான் தின்று தீர்ப்பாயா, அல்லது வீட்டுக்கு ஒளித்துக் கொண்டுபோவாயா என்று.

பூசாரி அவரை விநோதமாகப் பார்த்தார்.

"நான் என்னைக்குய்யா அதைத் தொட்டேன்? ஆத்தா சாப்பிட்டாங்கன்னு அன்னைக்கே சொன்னேனே. கதவைச் சாத்திட்டு வந்துருவேன். காலையில போனா பானையைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கும்."

"கழுவியா?"

"ஓடைத் தண்ணியில கழுவி, வாசப்படியில கவுத்தி. எப்பவுமே அப்படித்தான். ஆத்தா சுத்தக்காரிங்க."

இவர் கை பூசாரியின் வயிற்றின் மேல் அப்படியே நின்றுவிட்டது. குரங்கு பானையைக் கழுவாது. காட்டுப்பன்றி கவிழ்த்து வைக்காது. பூசாரி என்னிடமிருந்து ரசத்தை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அவர் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இவர்தான் அவரை நம்பாமல், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு பொய்யைச் சொல்லி, சர்க்கார் அனுமதியோடு வாராவாரம் பொங்கல் காட்டுக்குப் போக வழி பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் மெதுவாக, அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடவா என்று என்னைக் கேட்டார். சொன்னால் முதலில் பூசாரியைப் பிடிப்பார்கள், அடுத்தது உங்களை என்றேன். சொல்லாவிட்டால் என்றார். சொல்லாவிட்டால் யாரோ சாப்பிடுவார்கள் என்றேன். அந்த யாரோ துப்பாக்கி வைத்திருக்கிறவனாச்சே என்றார். போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கங்காணியைச் சுட்டிருந்தார்கள். காட்டுக்குள் போனவர்களில் நம் ஆட்களும் உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த வாரம் அவர் ஒரு புத்தகத்தையும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பூசாரியால் எழுந்து நிற்க முடியவில்லை. பூசைக்கு ஆள் இல்லை. பெண்கள் வந்து, ஆத்தாவை அழைத்து வைத்ததே டிரெசரய்யாதான், அவரே பூசை பண்ணட்டும் என்றார்கள். இவர் மறுப்பார் என்று நினைத்தேன். சரி என்றுவிட்டார். தானே போனால் பொங்கலை அங்கே மிச்சம் வைக்காமல் எல்லோருக்கும் பங்கு போட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர் திட்டம். கதவைச் சாத்துவதற்கு முன்னால் பானை காலியாகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நானும் கூடப் போனேன். இரண்டு காவல்காரர்கள் துப்பாக்கியோடு முன்னும் பின்னும் வந்தார்கள். அம்மனைக் குளிப்பாட்ட வேண்டும் என்றதும் இவர் தண்ணீரைச் சுட வைக்கச் சொன்னார். பழக்கம்தான். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து பஞ்சை எடுத்து, நனைத்துப் பிழிந்து, புண்ணைத் துடைக்கிற மாதிரி நெற்றி, கண், மூக்கோரம், காதுக்குப் பின்புறம் என்று துடைத்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. மூக்கில் ஒரு சின்ன உடைசல் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் அழுத்தாமல் ஒற்றி எடுத்தார். அரைமணி நேரம் அவர் யார் யாரைக் கும்பிடுவது என்று கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, கையில் அத்தனை வேலை இருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினார், சேலையைச் சுற்றத் தெரியாமல் திணறி என்னைக் கூப்பிட்டார். கற்பூரம் காட்டினார்.

பிறகு பொங்கலை இலைத்துண்டுகளில் பங்கு போடத் தொடங்கினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அஞ்சாம் லயத்தில் ஒரு அக்கா இருந்தாள், பால்மரம் வெட்டுகிறவள். அவளுடைய தம்பி தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்றவன். சங்கத்தைத் தடை செய்தபோது காணாமல் போய்விட்டான். இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான் என்று அவள் சொல்லுவாள். யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. அவள் தன் பங்கை வாங்கவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"மொதப் பானை ஆத்தாவுக்கு மட்டும்தான், டிரெசரய்யா. எல்லாத்தையும் எடுத்துட்டா அவ என்ன பண்ணுவா? கொஞ்சமாச்சும் வெச்சிட்டு வாங்க."

குரல் உயரவில்லை. காவல்காரர்கள் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் அவளைப் பார்த்தார், அப்புறம் திரும்பி, தான் குளிப்பாட்டி வைத்த முகத்தைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தனக்கென்று வைத்திருந்த இலையை எடுத்து, அம்மன் காலடியில் வைத்து, மேலே இன்னொரு இலையால் எறும்பு ஏறாதபடி மூடினார். அக்கா இப்போது தன் பங்கையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சாத்தினார்கள்.

திரும்பி வருகிற வழியில் நான் கேட்டேன், எல்லாவற்றையும் காலி பண்ணுவதாகத்தானே வந்தீர்கள் என்று.

"அவளுக்குன்னு வெச்சேன். அதுக்கப்புறம் யாருன்னு நான் எதுக்கு கேக்கணும்?"

கொஞ்ச தூரம் நடந்து, அதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். நான் சாப்பிட்டேன் என்று சொல்வேன், வியாவகாரிகத்தில் அதுதான் என் பங்கு என்றார். சிரிப்பு வந்தது. அவருக்கும்தான்.

அதிகாரி கேட்கவில்லை. மாதக் கடைசியில் புது உத்தரவு வந்தது. எந்தச் சாமிக்கும் எந்தப் பானையும் வெளியே போகக்கூடாது, சாமி வேண்டுமென்றால் சாமியை உள்ளே கொண்டுவந்துகொள்ளுங்கள் என்று. ரப்பர் ஷீட் ஏற்றுகிற லாரியில் வைக்கோல் பரப்பி அம்மனை ஏற்றினோம். குணமாகிவிட்ட பூசாரி அவளை ஒரு பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டார், மறுபக்கம் என் கணவர், மூக்கில் ஏதும் இடித்துவிடாதபடி கையை மறைத்துக்கொண்டு. வாசலில் லாரியை நிறுத்தினார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். சார்ஜன்ட் லாரியில் ஏறி எல்லோர் கார்டையும் வாங்கிப் பார்த்தார். அம்மன் முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கினார். "இனிதான் ஆத்தா?" என்று கேட்டார், மலாயில் இனி என்றால் இது. இதுதான் ஆத்தா என்றார் பூசாரி. சார்ஜன்ட் இறங்கி வாசல் தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை பொங்கலைப் படைத்துத் தட்டியைச் சாத்தினார்கள். காலையில் பானை அப்படியே இருந்தது, மேலே ஏடு கட்டி, ஓரத்தில் எறும்பு. அடுத்த வாரமும் அப்படியே. ஜனங்கள் பயந்துவிட்டார்கள். குற்றம் என்ன, குறை என்ன என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இடம் மாற்றியது பிடிக்கவில்லை என்றார்கள், போலீஸ் கை பட்டுவிட்டது என்றார்கள். அஞ்சாம் லயத்து அக்கா வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"வேலிக்குள்ள கொண்டாந்து அடைச்சு வெச்சா யாருக்குத்தான் பசிக்கும்?"

பெரிய கிராணி இதைக் கேள்விப்பட்டு, ஆண்டவனுக்குப் பசியே கிடையாது என்று எங்கள் வீட்டுக்கு வந்து விளக்கினார். இவர் மறுக்கவில்லை. வடையை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலையில் நான் கொட்டகைப் பக்கம் போனபோது, தகரக் கூரைக்குக் கீழே பூசாரியும் என் கணவரும் குந்தியிருந்தார்கள். நடுவில் பானை. ஆளுக்கு ஒரு இலையில் பழைய பொங்கலைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பூசாரி, ஆத்தா உத்தரவுதாங்கம்மா என்றார், இவர் நகர்ந்து இடம் விட்டார். கொஞ்சம் புளிச்சிருக்கு, ஆனா நல்லாத்தான் இருக்கு என்றார். நானும் உட்கார்ந்தேன்.